சரிவிலிருந்து எழுந்த மெட்டல் பேண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெட்டல் என்கிற கனத்த ராக் இசை கேட்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு சீக்கிரமே இங்கே வந்துவிடும்: சமீபத்தில் வந்ததில் எது பிடித்தது, பழைய ஆட்களில் யார் உண்மையிலேயே திரும்ப வந்திருக்கிறார்கள்? நண்பர்களும், புதிதாகக் கேட்க ஆரம்பித்தவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். எல்லாம் என் காதுக்குப் பட்டதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு பேண்ட் மீண்டுவிட்டது என்று எதை வைத்துச் சொல்வது?

அந்தப் புது ஆல்பத்தை, அவர்களுடைய பழைய பாட்டு எதையும் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்தால் அவருக்கும் பிடிக்குமா என்று பார்ப்பேன். பழைய பாசத்தோடு கேட்பவருக்கு எதுவும் நன்றாகத்தான் இருக்கும். பாசம் இல்லாத காதையும் அது பிடித்து நிறுத்த வேண்டும். 1980களில் போட்ட ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கை) அப்படியே எடுத்து மறுபடி வாசிப்பதை நான் இதில் சேர்ப்பதில்லை. மீண்டு வந்த ஆல்பத்தில் பழைய பலமும் இருக்கும், முன்பு அவர்கள் செய்யாத ஏதோ ஒன்றும் இருக்கும்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். இப்படி மீண்டவர்கள் அநேகமாகத் தனியாக மீளவில்லை. அவர்களைக் கேட்டே வளர்ந்த யாரோ ஒருவர் உள்ளே வந்திருப்பார், கிட்டாரிஸ்டாகவோ டிரம்மராகவோ தயாரிப்பாளராகவோ. "நீங்கள் இதில்தான் கில்லாடி, இதைச் செய்யுங்கள்" என்று பெரிய ஆட்களிடம் முகத்துக்கு நேராகச் சொல்ல ஒரு ரசிகனால்தான் முடியும்.

சமீபத்தில் வந்ததில் ஒரே ஒரு ஆல்பம் கேட்கச் சொன்னால் எதைச் சொல்வீர்கள்?

இங்கிலாந்து பேண்ட் ஜூடாஸ் ப்ரீஸ்டின் 'இன்வின்சிபிள் ஷீல்ட்'. 2024 மார்ச் 8 அன்று வந்தது. பாடகர் ராப் ஹால்ஃபோர்டுக்கு அப்போது வயது 72.

இடையில் நடந்தது தெரிந்தால்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும். 1990-இல் 'பெயின்கில்லர்' வந்தபோது, த்ராஷ் என்ற அதிவேக மெட்டல் வாசித்த அன்றைய இளைஞர்களையே மிரள வைக்கிற வேகம் அதில் இருந்தது. இரண்டே வருடத்தில் ஹால்ஃபோர்ட் விலகிவிட்டார். டிம் ஓவன்ஸ் என்ற அமெரிக்கரைப் பாட வைத்து 1997-இல் ஒன்று, 2001-இல் ஒன்று என இரண்டு ஆல்பம் போட்டார்கள். ஓவன்ஸ் அருமையான பாடகர். பாட்டுகள்தான் அவருக்கு ஈடு கொடுக்கவில்லை. 2003-இல் ஹால்ஃபோர்ட் திரும்பினார். 2008-இல் நாஸ்ட்ரடாமஸ் வாழ்க்கையை வைத்து இரண்டு டிஸ்க் நீளத்துக்கு ஒரு கதை ஆல்பம் வந்தது. ஆசை பெரியது, ஆனால் முழுசாக உட்கார்ந்து கேட்பது கஷ்டம். பிறகு விடைபெறும் சுற்றுப்பயணம் என்று அறிவித்தார்கள். 2011-இல் கிட்டாரிஸ்ட் கே. கே. டவுனிங்கும் போய்விட்டார்.

சரி, கதை முடிந்தது என்று நாங்கள் நினைத்த நேரத்தில்தான் டவுனிங் இடத்துக்கு ரிச்சி ஃபாக்னர் வந்தார். அவருக்கு அப்போது 31 வயது. பெயின்கில்லர் வெளியானபோது அவர் பள்ளிக்கூடப் பையன். 2014-இல் வந்த 'ரிடீமர் ஆஃப் சோல்ஸ்' ஆல்பத்தில் பாட்டுகள் தேறின, ஒலிப்பதிவுதான் மந்தமாக இருந்தது. 2018-இல் 'ஃபயர்பவர்' வந்தபோது அந்தக் குறையும் தீர்ந்தது. 1980களில் இவர்களுடைய புகழ்பெற்ற ஆல்பங்களைத் தயாரித்த டாம் ஆலமையும், இந்தக் காலத்து மெட்டல் ஒலி தெரிந்த ஆண்டி ஸ்னீப்பையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில்தான் இன்னொரு கிட்டாரிஸ்டான கிளென் டிப்டனுக்குப் பார்க்கின்சன் நோய் என்ற செய்தி வெளியானது. சுற்றுப்பயணத்தில் அவர் இடத்தில் ஸ்னீப்பே கிட்டார் வாசித்தார். உடம்பு இடம் கொடுத்த நாட்களில் டிப்டன் கடைசிச் சில பாட்டுகளுக்கு மேடை ஏறினார்.

அப்புறம் 2021 செப்டம்பரில், அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், பெயின்கில்லர் பாட்டை வாசித்துக்கொண்டிருக்கும்போதே ஃபாக்னருக்கு மகாதமனி கிழிந்தது. பாட்டை முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்கினார். மருத்துவமனையில் நெஞ்சைத் திறந்து மணிக்கணக்கில் அறுவை சிகிச்சை செய்து காப்பாற்றினார்கள். அந்த மனிதர் பிழைத்து வந்து எழுதி வாசித்ததுதான் இன்வின்சிபிள் ஷீல்ட். முதல் பாட்டின் தொடக்கத்தில் 1986-இல் வந்த 'டர்போ' ஆல்பத்தின் சிந்த் (மின்னணு இசைக்கருவி) வாசனை அடிக்கிறது. ஒரு காலத்தில் ரசிகர்கள் சண்டை போட்டுக்கொண்ட ஒலி அது. அதை மறைக்காமல் வாசலிலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து முழு வேகத்துக்குப் போகிறார்கள். சோலோக்கள் ஒவ்வொன்றும் பாட்டுக்குள்ளேயே இன்னொரு பாட்டு மாதிரி நிற்கின்றன. ஃபயர்பவரைவிட இதுதான் மேல் என்பேன். அதில் 14 பாட்டு, இதில் 11. மூன்று பாட்டைக் குறைத்ததே நல்ல முடிவு.

எங்கே பார்த்தாலும் ஆண்டி ஸ்னீப் பெயர் வருகிறதே, யார் அவர்?

1980களில் சபாத் என்ற இங்கிலாந்து த்ராஷ் பேண்டில் கிட்டார் வாசித்தவர். உச்சரிப்பு நெருக்கமாக இருந்தாலும் அது ஓஸி ஆஸ்போர்ன் பாடிய பிளாக் சபாத் இல்லை. பிறகு ஒலிப்பதிவுப் பக்கம் போய், டார்பிஷையரில் சொந்த ஸ்டுடியோ வைத்தார். மீண்டு வந்த பேண்டுகளின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். 12 வருட இடைவெளிக்குப் பிறகு எக்ஸோடஸ் 2004-இல் போட்ட 'டெம்போ ஆஃப் த டாம்ட்', மெகாடெத்தின் 2009 ஆல்பமான 'எண்ட்கேம்', புதுப் பாடகர் மார்க் டொர்னில்லோவோடு ஜெர்மனியின் ஆக்செப்ட் 2010-இல் போட்ட 'பிளட் ஆஃப் த நேஷன்ஸ்', சாக்ஸனின் 2024 ஆல்பம் 'ஹெல், ஃபயர் அண்ட் டாம்னேஷன்'. எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது.

அவர் கொண்டுவந்தது வெறும் ஒலித் தெளிவு என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். ஒரு பேண்டின் எந்த ஆல்பத்தை ரசிகர்கள் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும், ஏனென்றால் அவரும் அந்த ரசிகர்களில் ஒருவர். 2022 தொடக்கத்தில் ப்ரீஸ்ட் அவரை மேடையிலிருந்து விலக்கி நான்கு பேராகவே வாசிக்கப்போவதாக அறிவித்தது. ரசிகர்கள் கொதித்துப்போனார்கள், சில நாட்களிலேயே முடிவு மாறியது. ஒரு தயாரிப்பாளருக்காக ரசிகர்கள் இப்படி எழுந்து நின்றதை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

ஓப்பெத் மறுபடி குரோல் பண்ணுகிறார்களாமே, உண்மையா?

உண்மை. ஸ்வீடன் பேண்டான ஓப்பெத் 2024 நவம்பரில் போட்ட 'த லாஸ்ட் வில் அண்ட் டெஸ்டமென்ட்' ஆல்பத்தில் பாடகர் மிக்கேல் ஓகர்ஃபெல்டின் குரோல், அதாவது அடித்தொண்டைக் கர்ஜனை, திரும்பியிருக்கிறது. ஸ்டுடியோ ஆல்பத்தில் அதை நாம் கடைசியாகக் கேட்டது 2008-இல் வந்த 'வாட்டர்ஷெட்' ஆல்பத்தில். இடையில் 16 வருடம்.

2011-இல் 'ஹெரிடேஜ்' வந்தபோது கர்ஜனையை முழுக்க விட்டுவிட்டு 1970களின் ப்ராக் ராக் (நீளமான, சிக்கலான ராக்) பக்கம் சாய்ந்தார்கள். பல ரசிகர்களுக்கு அது துரோகமாகவே பட்டது. எனக்கு அப்படி இல்லை. ஓகர்ஃபெல்ட் தன் அலமாரியில் இருந்த இசைத்தட்டுகளை மனசாரக் காதலித்தவர், அந்தக் காதலை மறைக்காமல் வாசித்தார். 2019-இல் வந்த 'இன் காவ்டா வெனெனும்' ஆல்பத்தை ஸ்வீடிஷிலும் ஆங்கிலத்திலும் இரண்டு தடவை பாடி வெளியிட்டார். ஸ்வீடிஷ் பதிப்பைத்தான் நான் எப்போதும் கேட்கிறேன்.

அதனால் புது ஆல்பத்தைப் பின்வாங்கல் என்று நினைக்காதீர்கள். அந்த 16 வருடத்தில் கற்றதெல்லாம் இதில் இருக்கிறது. முதல் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில், ஒரு பணக்காரக் குடும்பத் தலைவரின் உயில் வாசிக்கப்படுகிறது. முதல் ஏழு பாட்டுகளுக்குப் பெயரே கிடையாது, உயிலின் பத்தி எண்கள்தான். எட்டாவதுக்கு மட்டும் பெயர் உண்டு. செத்துப்போன அந்தக் கிழவரின் ஆத்திரத்துக்குக் கர்ஜனை, மற்ற இடங்களுக்குத் தெளிவான குரல். ரசிகர்கள் கேட்டார்கள் என்பதற்காகக் கர்ஜனையைச் சேர்த்த மாதிரி இல்லை, கதை கேட்டதால் வந்திருக்கிறது. 1970களின் ராக் பேண்ட் ஜெத்ரோ டல்லின் இயன் ஆண்டர்சன் புல்லாங்குழலோடு வந்து கதைப் பகுதிகளையும் பேசுகிறார். 1970களின் மேல் ஓகர்ஃபெல்ட் வைத்த காதலுக்கு இதைவிட நல்ல பதில் கிடைத்திருக்க முடியாது.

இங்கேயும் ஒரு புது ஆள் உண்டு. ஃபின்லாந்து டிரம்மர் வால்ட்டேரி வாய்ரூனன், 2022-இல் சேர்ந்தவர். இவ்வளவு சிக்கலான தாளத்தை ஒருவர் இவ்வளவு இலகுவாக வாசிப்பதைக் கேட்க அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது. ஹெட்போனில் ஒரு தடவை டிரம்ஸை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்கள்.

குரோல் பண்ணினால் தொண்டை கெட்டுப்போகாதா?

முறை தெரியாமல் கத்தினால் கெடும். முறையாகச் செய்பவர்கள் வயிற்றிலிருந்து மூச்சைக் கொடுத்து, குரல் நாண்களுக்கு மேலே இருக்கும் மடிப்புகளை அதிர வைக்கிறார்கள். அதனால்தான் 50 வயதைத் தாண்டியவர்களும் மேடையில் ஒன்றரை மணி நேரம் தாங்குகிறார்கள்.

வேறு யாராவது இப்படிப் போய்த் திரும்பியிருக்கிறார்களா?

பாரடைஸ் லாஸ்ட். இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊர்க்காரர்கள். கர்ஜித்துப் பாடும் டெத் மெட்டலையும் மெதுவான, கனத்த டூமையும் சேர்த்து 1991-இல் 'காதிக்' என்ற ஆல்பம் போட்டார்கள். ஒரு முழு வகைக்கே அதன் பெயர் ஒட்டிக்கொண்டது. 1999-இல் 'ஹோஸ்ட்' வந்தபோது கிட்டார் பின்னால் போய், எலக்ட்ரானிக் ஒலி முன்னால் வந்திருந்தது. ஹோஸ்ட் நல்ல ஆல்பம்தான், ஆனால் அதற்குக் காத்திருந்த கூட்டம் வேறு.

அவர்கள் திரும்பிய வழிதான் எனக்கு மிகவும் பிடித்த கதை. அப்பா இறந்த துக்கத்தில் கிட்டாரிஸ்ட் கிரெகர் மெக்கின்டாஷ், வாலன்ஃபையர் என்று தனியாக ஒரு டெத் மெட்டல் பேண்ட் தொடங்கினார். யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லாத, தனக்காக மட்டும் எழுதிய இசை. 2014-இல் பாடகர் நிக் ஹோம்ஸ், ஸ்வீடனின் பிளட்பாத் பேண்டில் கர்ஜிக்கப் போனார். இரண்டு பேரும் வெளியே போய்ப் பழைய சந்தோஷத்தை ருசி பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். 2015-இல் 'த பிளேக் விதின்' வந்தது, கர்ஜனையோடு. 2017-இல் 'மெடூசா', 2020-இல் 'ஒப்சிடியன்', 2025 செப்டம்பரில் 'அசென்ஷன்'. நான்கில் ஒன்றுகூடச் சோடை இல்லை. இதில் மெடூசாவில் டிரம்ஸ் வாசித்தவர், மேலே சொன்ன அதே வாய்ரூனன்.

ட்ரீம் தியேட்டருக்கு மைக் போர்ட்னாய் திரும்பியது நல்லதா?

நல்லது. ஆனால் இடையில் டிரம்ஸ் வாசித்த மைக் மஞ்ஜினியைச் சிறுமைப்படுத்திப் பேசுபவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அமெரிக்க பேண்டான ட்ரீம் தியேட்டரின் டிரம்மர் போர்ட்னாய் 2010-இல் விலகி 2023 அக்டோபரில் திரும்பினார். அந்த இடைவெளியில் மஞ்ஜினி ஐந்து ஆல்பம் வாசித்தார். அந்த பேண்டுக்குக் கிடைத்த முதல் கிராமி விருதே 2022-இல், அவர் இருந்தபோதுதான்.

வித்தியாசம் வேறு இடத்தில். போர்ட்னாய் பாட்டு எழுதும்போதே அறையில் இருந்து, எங்கே நிறுத்துவது, எங்கே திரும்புவது என்று சண்டை போடுகிற டிரம்மர். 2025 பிப்ரவரியில் வந்த 'பாரசோம்னியா'வில் அது கேட்கிறது. தூக்கத்தில் வரும் கோளாறுகளை வைத்து எழுதிய ஆல்பம், இருட்டாக, இறுக்கமாக இருக்கிறது. 2016-இல் 34 பாட்டுகளோடு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடிய 'த அஸ்டானிஷிங்' பக்கத்தில் வைத்துக் கேட்டால் நான் சொல்வது புரியும். கிட்டாரிஸ்ட் ஜான் பெட்ரூச்சியும் போர்ட்னாயும் ஒரே நாளில் ஒட்டிக்கொள்ளவும் இல்லை. 2020-இல் பெட்ரூச்சியின் தனி ஆல்பத்தில் போர்ட்னாய் வாசித்தார், 2021-இல் இருவரும் லிக்விட் டென்ஷன் எக்ஸ்பெரிமென்ட் என்ற வேறொரு பேண்டில் சேர்ந்தார்கள். நட்பு முதலில் வந்தது, பேண்ட் பிறகு. பாரசோம்னியாவுக்கு மிக்ஸிங் யார் என்கிறீர்களா? ஸ்னீப்தான்.

மெட்டாலிகா மீண்டுவிட்டதா?

என் பதில்: பாதி. 2023 ஏப்ரலில் வந்த '72 சீசன்ஸ்' 77 நிமிடம். அதில் ஒரு 50 நிமிடம் பிரமாதம். முடிவில் வரும் 11 நிமிடப் பாட்டு, அவர்களுடைய மிக நீளமான பாட்டுகளில் ஒன்று, ஒரு நொடிகூட அலுக்கவில்லை. ஆனால் நடுவில் சில பாட்டுகள் சொல்ல வந்ததைச் சொன்ன பிறகும் இன்னொரு சுற்று வருகின்றன. "இதை வெட்டுங்கள்" என்று அவர்களிடம் சொல்ல அந்த அறையில் ஒருவர் வேண்டும்.

2003-இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தில் கிட்டார் சோலோவே இல்லை, ஸ்னேர் டிரம்மின் ஒலி தகர டப்பாவைத் தட்டிய மாதிரி இருந்தது. அங்கிருந்து பார்த்தால் வெகுதூரம் வந்துவிட்டார்கள். அதை மறுக்க முடியாது.

நல்ல பாட்டுகள் இருந்தும் சில ஆல்பங்கள் காதை வலிக்க வைப்பது ஏன்?

எல்லாவற்றையும் உச்ச அளவுக்கு ஏற்றிவிடுவதால். மெதுவான இடத்துக்கும் பலமான இடத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நசுக்கி, முழுப் பாட்டையும் ஒரே உயரத்தில் நிறுத்துவார்கள். முதல் ஐந்து நிமிடம் பலமாகத் தோன்றும், அரை மணி நேரத்தில் சலித்துவிடும். மெட்டாலிகாவின் 2008 ஆல்பம் 'டெத் மேக்னடிக்' இதற்குப் பெயர்போனது. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ விளையாட்டுக்காக இவ்வளவு நசுக்கப்படாமல் போயிருந்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுக் கேட்டுக் கண்டுபிடித்து, ஆல்பத்தை மறுபடி மிக்ஸ் பண்ணச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டார்கள். பாட்டுகள் அந்த ஆல்பத்தில் மிக நல்லவை. அதுதான் வருத்தம்.

1990களில் இத்தனை பேண்டுகள் ஏன் ஒன்றாகச் சரிந்தன?

கிரஞ்ச் என்ற புது ராக் வகை வந்ததும் பெரிய நிறுவனங்களின் கவனம் அந்தப் பக்கம் போய்விட்டது. மெட்டாலிகாவின் 1991 கறுப்பு ஆல்பம் விற்ற விற்பனையைப் பார்த்து, வேகத்தைக் குறைத்தால் நமக்கும் அது நடக்கும் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். மெகாடெத் 1999-இல் போட்ட 'ரிஸ்க்' வரைக்கும் இந்த ஓட்டம் போனது. 2016-இல் 'டிஸ்டோபியா' வந்து, அதன் தலைப்புப் பாட்டுக்கு அடுத்த ஆண்டு கிராமி கிடைத்தபோதுதான் எனக்கு மனசு ஆறியது. அடுத்த ஆல்பமே கடைசி என்று 2025 ஆகஸ்டில் மெகாடெத் தலைவர் டேவ் மஸ்டேன் அறிவித்துவிட்டார். உச்சத்தில் இருக்கும்போதே நிறுத்த வேண்டும் என்ற அவர் முடிவை மதிக்கிறேன்.

கலைந்துபோய்ப் பல வருடம் கழித்துச் சேர்ந்தவர்களில் யார் தேறினார்கள்?

கார்காஸ். லிவர்பூல்காரர்கள். 1996-இல் கடைசி ஆல்பம் போட்டுவிட்டுப் போனவர்கள், 17 வருடம் கழித்து 2013-இல் 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று வந்து இறங்கினார்கள். மீண்டும் சேர்ந்தவர்கள் போட்ட ஆல்பங்களில் இதற்கு மேல் ஒன்றை என்னால் காட்ட முடியாது. பழைய டிரம்மர் கென் ஓவன் 1999-இல் மூளை ரத்தக்கசிவால் பாதிக்கப்பட்டவர், வாசிக்க முடியாத நிலை. ஆனால் அந்த ஆல்பத்தில் பின்குரல் கொடுக்க அவரை அழைத்து வைத்துக்கொண்டார்கள். டிரம்ஸுக்கு டான் வைல்டிங் என்ற இளைஞர் வந்தார்.

ஸ்வீடனின் அட் த கேட்ஸ் 1995-இல் 'ஸ்லாட்டர் ஆஃப் த சோல்' கொடுத்துவிட்டு உடனே கலைந்தது. 2014-இல் 'அட் வார் வித் ரியாலிட்டி' வந்தது. பாடகர் தாமஸ் லிண்ட்பெர்க் 2025 செப்டம்பரில் புற்றுநோயால் இறந்துவிட்டார், 52 வயதுதான். அவர் குரலில் இருந்த அந்தப் பரிதவிப்பு வேறு யாருக்கும் வராது.

வயதான பிறகு இந்த இசை தாங்குமா?

தாங்குகிறது, கண்முன்னே பார்க்கிறோம். அயர்ன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சனுக்கு நாக்கின் பின்பகுதியில் புற்றுநோய் இருந்தது 2015-இல் வெளியே தெரிந்தது. குணமாகி வந்து, 2024 மார்ச்சில் 'த மேண்ட்ரேக் ப்ராஜெக்ட்' கொடுத்தார், 19 வருடத்துக்குப் பிறகு வந்த தனி ஆல்பம். குரல் முன்னைவிடக் கொஞ்சம் கனத்திருக்கிறது, அந்தக் கனம் பாட்டுகளுக்குப் பொருந்துகிறது. ஓஸி 2025 ஜூலை 5 அன்று, சொந்த ஊரான பர்மிங்காமின் வில்லா பார்க்கில், நிற்க முடியாமல் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பிளாக் சபாத்தோடு கடைசித் தடவை பாடினார். ஜூலை 22 அன்று போய்ச் சேர்ந்தார். குரல் தடுமாறிய இடங்களை அந்தக் கூட்டமே பாடி நிரப்பியது.

பழைய ஆட்கள் மட்டும்தானா? புதியவர்கள்?

டென்வர் நகரத்தின் பிளட் இன்கான்டேஷன். 2024 அக்டோபரில் வந்த 'அப்சல்யூட் எல்ஸ்வேர்' ஆல்பத்தில் இரண்டே பாட்டு, ஒவ்வொன்றும் சுமார் 20 நிமிடம், மூன்று மூன்று பகுதியாக. பெர்லினின் ஹான்ஸா ஸ்டுடியோவில் பதிவு செய்தார்கள். ஜெர்மனியின் எலக்ட்ரானிக் இசை பேண்ட் டேஞ்சரின் ட்ரீமின் தோர்ஸ்டன் குவேஷ்னிங் சிந்த் வாசித்திருக்கிறார். கொடூரமான டெத் மெட்டலுக்கு நடுவில் திடீரென்று வானம் திறந்துகொள்கிறது. மெட்டலே கேட்காத நண்பர்கள் இரண்டு பேரை இந்த ஆல்பத்தால் இழுத்திருக்கிறேன்.

இவர்களில் யாராவது நம் பக்கம் வந்திருக்கிறார்களா?

ஓப்பெத் 2009-இல் சென்னை ஐஐடியின் சாரங் விழாவில் வாசித்தது. வாட்டர்ஷெட் வந்து சில மாதமே ஆன காலம். அயர்ன் மெய்டன் 2007-இலும், மெட்டாலிகா 2011-இலும் பெங்களூர் பேலஸ் கிரவுண்டில் வாசித்தன. தமிழ்நாட்டிலிருந்து ரயில் ஏறிப் போன கூட்டம் கொஞ்சநஞ்சமில்லை.

புதிதாகக் கேட்பவர் எந்த வரிசையில் போகலாம்?

இன்வின்சிபிள் ஷீல்டில் தொடங்குங்கள். குரல் தெளிவு, மெட்டு உடனே பிடிபடும். அடுத்து மேண்ட்ரேக் ப்ராஜெக்ட். அதன் பிறகு பாரடைஸ் லாஸ்டின் ஒப்சிடியன், கர்ஜனையும் சாதாரணக் குரலும் மாறி மாறி வருவதால் காது பழகும். அங்கிருந்து ஓப்பெத்தின் உயிலுக்குப் போங்கள், அதைப் பாட்டு பாட்டாகப் பிரிக்காமல் ஒரே மூச்சில் கேட்க வேண்டும், 50 நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். சர்ஜிக்கல் ஸ்டீலைக் கடைசிக்கு வையுங்கள். முதல் தடவை வெறும் இரைச்சலாகத் தெரிந்தால் விட்டுவிடாமல், அடுத்த முறை கார்காஸின் பில் ஸ்டியரின் கிட்டாரை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள்.